திறந்த ஏடுகளும் பூட்டிய ஏடுகளும்: கல்வி நூலகங்களின் பதிப்புப்பணி குறித்து ஒரு திறனாய்வு

கூடலூரை அடுத்து, முதுமலைக் காட்டின் ஓரமாக அமைந்த ஸ்ரீமதுரை ஊராட்சியில் நெல்வயலும் தேயிலையும் அருகருகே கிடக்கின்றன. அவ்வயல்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தோருள் பணியர் குலத்தாரும் உளர். அக்குலத்திற் பிறந்து முதுகலை வகுப்புவரை பயின்ற மாணவி ஒருவர், தம் மக்களைப் பற்றி எழுதிய ஆய்வேட்டின் கைப்படியை என்னிடம் கொடுத்துப் பிழை திருத்தித் தரும்படி கேட்டார். எழுத்துப் பிழைகள் சிலவே. ஆனால் இரண்டாம் இயலின் முதற் பக்கத்தில் இருந்த ஒரு வாக்கியத்தைக் கண்டதும் நான் மேலே படிக்க இயலாமல் நின்றேன். பணியர் ஆப்பிரிக்காவினின்று வந்தவர். மலபார்க் கரையில் கலம் உடைந்து கரையேறியோரின் வழித்தோன்றல்கள் என்பது அவ்வாக்கியம். அதற்குச் சான்றாக எட்கர் தர்ஸ்டனின் பெயர் குறிக்கப்பட்டிருந்தது.

தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் 1909-ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய நூலை இருவரும் சேர்ந்து எடுத்துப் பார்த்தோம். ஐரோப்பியத் தோட்டக்காரர்களிடையே இப்படியொரு நம்பிக்கை உலவுவதாக அவர் எழுதுகிறார். எழுதிய கையோடு, ஆராயுமிடத்து அது நிற்காது என்று தள்ளியும் விடுகிறார். மாணவியின் ஏட்டில் முற்பாதி மட்டும் வந்திருந்தது. பிற்பாதி எங்கே என்று தேடியபோது, அவர் மூலநூலைப் பாராமல் இணையத்திற் கிடைத்த ஒரு கட்டுரையினின்று எடுத்திருந்தார் என்பது தெரிந்தது. அக்கட்டுரையாசிரியரோ இன்னொருவரினின்று எடுத்திருந்தார். நூறு ஆண்டுகளுக்கு முன் அந்நூலே மறுத்த ஒரு வதந்தி, அந்நூலின் பெயராலேயே, அம்மக்களின் பேத்தியின் கையால் மீண்டும் எழுதப்பட்டது.

மாணவியை நான் குறை கூறவில்லை. அவருக்கு எட்டிய நூல்கள் எவை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிரீக்ஸ் 1873-இலும், கிரிக் 1880-இலும், ரிவர்ஸ் 1906-இலும், பிரான்சிஸ் 1908-இலும், தர்ஸ்டன் 1909-இலும் நீலகிரியைக் குறித்து எழுதியவை யாவும் இன்று ஒரு பைசாவும் இன்றி இணையத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்ததும் நூல் பொதுவுடைமையாகிவிடுகிறது. ஆனால் 1989-இல் பால் ஹாக்கிங்ஸ் தொகுத்த நீலமலை நூலோ, 2012-இல் புதுதில்லியில் வெளிவந்த அவருடைய நீலகிரிக் கலைக்களஞ்சியமோ, இவற்றை அடுத்து ஆங்கில ஆய்விதழ்களில் வெளிவந்து பழைய கருத்துகளைத் திருத்தும் கட்டுரைகளிற் பெரும்பாலானவையோ அவ்விதம் கிடைப்பதில்லை. அம்மாணவி அத்தகைய கட்டுரையொன்றைத் திறக்க முயன்றபோது முப்பது டாலருக்கு மேல் கேட்டதாம். அது அவர் தாயாருக்குத் தோட்டத்தில் பல நாட் கூலி. ஆக, மூக்கை அளந்து மனிதனை வகைப்படுத்திய காலத்து எழுத்து திறந்திருக்கிறது. அதனைக் கண்டித்த எழுத்து பூட்டியிருக்கிறது. கட்டணமின்றிக் கிடைப்பதே வாசிக்கப்படும். வாசிக்கப்படுவதே மேற்கோளாகும். மேற்கோளானது நாளடைவில் உண்மையென நிலைபெற்றுவிடும். திறந்த அணுகல் இதழ்களைப் பற்றி நூலகத் துறையினர் நடத்தும் விவாதம் வெறும் வரவுசெலவுக் கணக்கு அன்று என நான் கருதுவது இதனாலேயே.

திறந்த அணுகல் என்னும் சொற்றொடர் 2002-ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் அறிக்கையால் பரவியது. வாசிப்பவர் பணம் செலுத்தாமலும், படியெடுத்துப் பிறர்க்குத் தரத் தடையில்லாமலும் ஆய்வுக் கட்டுரைகள் கிடைத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. இக்கோரிக்கையை எதிர்ப்பார் இன்று அரியர். வழக்கெல்லாம் செலவை யார் ஏற்பது என்பதைப் பற்றியதே. இவ்வழக்கில் கல்வி நூலகங்கள் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. சில சந்தா செலுத்துகின்றன. சில தம் ஆசிரியர்களுக்காகக் கட்டுரைக் கட்டணம் செலுத்துகின்றன. சில தாமே பதிப்பாளராகின்றன. இம்மூன்றும் சமமானவையல்ல என்பதே என் வாதம்.

சந்தாவின் பெருமுயற்சிக்கு நம் நாடே எடுத்துக்காட்டு. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்தை நடுவண் அமைச்சரவை 2024 நவம்பர் 25-ஆம் நாள் ஏற்றது. 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300-க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு வழங்குவது திட்டம். காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் இதனை ஒருங்கிணைக்கிறது. சிற்றூர் அரசுக் கல்லூரியின் மாணவர் பெருநகர ஆய்வகத்தார் வாசிப்பதையே வாசிக்கலாம் என்பது சிறு நன்மையன்று; அதனை மனமாரப் போற்றுவோம். ஆயினும் தொடக்கத்தில் அரசு நிர்வாகத்திலுள்ள உயர்கல்வி நிறுவனங்களும் நடுவணரசின் ஆய்வகங்களுமே இதனுள் அடங்கின. தனியார் கல்லூரிகளும், திருச்சபைகள் நடத்தும் கல்லூரிகளும், நம் இறையியற் கல்லூரிகளும் வெளியே நின்றன. கல்லூரியை முடித்து ஊர் திரும்பிய பட்டதாரியும், ஊராட்சிப் பள்ளியின் ஆசிரியரும், ஆய்வுக்குப் பொருளாக அமைந்த குடிமக்களும் எக்கணக்கிலும் இல்லை. சந்தா என்பது வாயிலை அகலப்படுத்துகிறதே அன்றிக் கதவை எடுத்துவிடுவதில்லை. பணம் செலுத்தும் ஆண்டு முடிந்தால் கதவு மீண்டும் சாத்தப்படும்.

இரண்டாவது வழியின் நன்மையையும் குறையையும் அறியக் கூடலூரை விட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. இவ்வட்டாரத்துப் பழங்குடியினரிடையே 1980-களில் பணி தொடங்கிய அக்கார்டு நிறுவனமும் அதனோடு இணைந்த அஸ்வினி மருத்துவமனையும் 1992-இல் ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை ஏற்படுத்தின. ஏழைப் பழங்குடியினருக்குக் காப்பீடு என்பது அன்று பலருக்கு விந்தையாகத் தோன்றியிருக்கும். அத்திட்டத்தைக் குறித்து மருத்துவர் தேவதாசனும் உடன் ஆய்வாளரும் 2004-இல் 'எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி'யில் ஒரு கட்டுரையும், 2007-இல் 'பி.எம்.சி. ஹெல்த் சர்வீசஸ் ரிசர்ச்' இதழில் மற்றொன்றும் வெளியிட்டனர். முன்னதை வாசிக்கச் சந்தா வேண்டும். பின்னது திறந்த அணுகல் இதழில் வந்ததால், கூடலூர்ப் பேருந்து நிலையத்தில் கைப்பேசியுடன் நிற்கும் எவரும் அதனை முழுமையாகத் திறக்கலாம். பெருஞ் செலவினின்று இத்திட்டங்கள் அளிக்கும் பாதுகாப்பு ஓரளவினதே என்பதனைத் தலைப்பிலேயே கூறும் நேர்மையுடைய கட்டுரை அது. சந்தா கட்டிய குடும்பத்தார் அறிய வேண்டிய செய்தி இதனினும் வேறு யாது?

ஆனால் இவ்வகை இதழ்களிற் பல, வாசகரிடம் வாங்காத பணத்தை எழுதுபவரிடம் வாங்குகின்றன. இக்கட்டணம் இதழுக்கு இதழ் வேறுபடும். 'நேச்சர்' இதழ் 2020-இன் இறுதியில் அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. நம் பணத்தில் எட்டு இலட்சம் ரூபாய்க்கு மேல். செல்வ நாட்டுப் பல்கலைக்கழக நூலகம் அதனைக் கட்டிவிடும். மலையூர்க் கல்லூரி நூலகம் எவ்வாறு கட்டும்? முன்பு வாசிக்க வழியில்லாதவர் இப்போது வாசிக்கலாம், எழுத வழியில்லை. அவர்களைப் பற்றிப் பிறர் எழுதுவர். அவர்கள் இலவசமாக வாசித்துக்கொள்வர். இந்த ஏற்பாட்டைத் திறப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கட்டண முறை நம்மிடையே விளைத்த மற்றொரு கேட்டையும் மறைத்தல் ஆகாது. ஆய்வுப் பட்டத்திற்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரை எண்ணிக்கை கட்டாயமானபோது, பணம் பெற்றுக்கொண்டு எதனையும் அச்சேற்றும் இதழ்கள் மழைக்காலக் காளான்போல் முளைத்தன. பல்கலைக்கழக மானியக் குழு 2017-இல் ஒரு பட்டியலை ஏற்படுத்தி, 2018 மே மாதத்தில் அதிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்க நேர்ந்தது. 2019-இல் 'கேர்' என்னும் புதுப் பட்டியல் வந்தது. அதுவும் 2025-இல் கைவிடப்பட்டது. அம்மாணவி வதந்தியைக் கண்டெடுத்த கட்டுரையும் இத்தகைய ஓர் இதழில்தான் வெளிவந்திருந்தது. அதனை வாசிக்க எவரும் பணம் கேட்கவில்லை. அச்சேற்றுமுன் அறிந்தோர் ஒருவர் அதனைப் பார்த்திருந்தால் அவ்வாக்கியம் நின்றிருக்காது. திறந்திருத்தல் ஒன்றே ஓர் இதழைத் தகுதியுடையதாக்கிவிடும் எனப் பேசுவோர் இதனைச் சிந்திப்பாராக.

மூன்றாவது வழி நூலகமே பதிப்பாளராவது. எழுதுபவரும் பணம் தருவதில்லை, வாசிப்பவரும் தருவதில்லை. கல்வி நிறுவனம் தன் நூலக நிதியிலிருந்து இதழைப் பேணுகிறது. மேனாட்டார் இதற்கு வைரவழி எனப் பெயரிட்டுள்ளனர். (பொன்வழி, பசுமைவழி என்பனவும் உண்டு. கல்வியாளர் நகைக்கடைச் சொற்களைக் கையாள்வதைக் கண்டு நகையாமலிருக்க முடியவில்லை.) 2021-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு, உலகில் 17,000 முதல் 29,000 வரை இத்தகைய இதழ்கள் இருக்கலாம் என மதிப்பிட்டது. அவற்றிற் பெரும்பாலானவை ஆண்டுக்குச் சில கட்டுரைகளை மட்டும் வெளியிடும் சிற்றிதழ்கள். உரியவர்கள் ஊதியமின்றி உழைப்பதால் நடப்பவை பல.

இவ்வழியில் முன்னே நின்றவை செல்வ நாடுகள் மட்டுமல்ல. பிரேசில் நாடு 1990-களின் இறுதியிலேயே 'சைலோ' என்னும் பொது அமைப்பின் வழியாகத் தன் ஆய்விதழ்களைத் திறந்துவைத்தது. இதழ் நடத்துவதற்கான 'ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்' என்னும் மென்பொருளை 2001-இல் கனடாவில் ஜான் வில்லின்ஸ்கி குழுவினர் இலவசமாக வெளியிட்டனர். பின்னர் சைமன் பிரேசர் பல்கலைக்கழக நூலகம் அதனைப் பேணும் பொறுப்பில் பங்கேற்றது. கட்டுரையைப் பெறுவது, மதிப்பீட்டாளருக்கு அனுப்புவது, திருத்துவது, வெளியிடுவது ஆகிய அனைத்தையும் ஒரு சிறு நூலகமும் இதைக்கொண்டு செய்யலாம். இலண்டனில் 2015-இல் தொடங்கிய மானிடவியற் புலங்களுக்கான திறந்த நூலகம், பல நாட்டு நூலகங்கள் ஆளுக்குச் சிறு தொகை இடுவதால் நடக்கிறது. நம் துறையிலும் டூபிங்கன் பல்கலைக்கழக நூலகம் இறையியல் நூலடைவை எவரும் காணத் திறந்துவைத்துள்ளது; மலபாரில் பணிபுரிந்த குண்டர்ட்டின் ஏடுகளையும் 2018-இல் இணையத்தில் ஏற்றியது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் தோடர், கோத்தர் மொழிச் சொற்கள் நிரம்ப உள்ளன. அவ்வகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ணிம நூலகத்தில் நாம் இலவசமாகப் புரட்டலாம்.

இங்கே நான் ஓர் உறுத்தலைச் சொல்லியாக வேண்டும். உதகையில் கேட்கப்பட்டு எழுதப்பட்ட சொற்களைக் காணச் சிகாகோவின் தயவு வேண்டியிருக்கிறது. அதே உதகையில், சிஷோம் வரைந்த அழகிய கட்டடத்தில் இயங்கும் நீலகிரி நூலகம் உறுப்பினருக்குரியதாகவே நெடுங்காலம் இருந்துவந்துள்ளது. நம் பல்கலைக்கழக நூலகங்களோ வாங்கிச் சேர்ப்பதையே தம் தொழிலாக எண்ணிவிட்டன. தமிழில் திறந்த நூலகங்கள் உண்டாயின. ஆனால் அவற்றை உண்டாக்கியவர் யார்? மதுரைத் திட்டம் 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரமும் ஆர்வலர்களும் தொடங்கியது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரியூட்டப்பட்ட வடுவைச் சுமந்த ஈழத்தமிழர் 2005-இல் நூலகம் என்னும் தளத்தை நிறுவினர். இரண்டும் தொண்டர் பணிகள். பல்கலைக்கழகங்கள் செய்யாது விட்டதை அஞ்சலட்டைச் செலவில் தனிமனிதர் செய்து முடித்தனர் எனில் மிகையாகாது.

இலவச ஏடு நமக்குப் புதியதன்று என்று சொல்லத் தரங்கம்பாடியைச் சுட்டுவோர் உண்டு. அங்கே 1713-இல் நிறுவப்பட்ட அச்சகத்திற்கு இலண்டன் சங்கம் அச்சுப்பொறியையும், ஹாலே நகரம் தமிழ் எழுத்துகளையும் அனுப்பின. 1714–15-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. தாள் பற்றாமையால் பொறையாற்றில் தாள் ஆலையும் ஏற்பட்டது. செலவு வாசகர் தலையில் விழவில்லை; உண்மையே. ஆயினும் எது அச்சாக வேண்டும் என்பதைச் செலவை ஏற்றவர்களே முடிவு செய்தனர். சீகன்பால்கு தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் எழுதி முடித்த ஆராய்ச்சி நூல் அன்று ஹாலேயில் அச்சேறவில்லை. 1867-இல் ஜெர்மான் சென்னையில் பதிப்பிக்கும்வரை காத்திருந்தது. பதிப்புச் செலவை ஏற்கும் நூலகம் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தையும் ஏற்கிறது என்பதனை இதைவிடத் தெளிவாக எவ்வாறு காட்டுவது? ஆகவே நூலகம் நடத்தும் இதழுக்கு அந்நூலகத்திற்கும் நிர்வாகத்திற்கும் கட்டுப்படாத ஆசிரியர் குழு அமைதல் வேண்டும். ஆயரையும் முதல்வரையும் மறுத்து எழுதிய கட்டுரை அதில் வரக்கூடுமாயின் அது ஆய்விதழ். இல்லையேல் அது நிறுவனத்தின் செய்தி மடல்.

அனைத்தையும் திறந்துவிடலாமா என்னும் வினாவும் எழுகிறது. 1987-இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வாளர்க்கு வழிகாட்டிச் சென்ற காணிக்காரர், களைப்பு நீக்கும் ஆரோக்கியப்பச்சையின் கனியை அவர்களுக்குக் காட்டினர். அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்து பிறந்தது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிக்காரரின் அறக்கட்டளைக்கு என முடிவானதால் அச்செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. அம்மருந்தறிவு முன்னதாகவே ஒரு திறந்த இதழில் செடியின் படத்துடன் வெளியாகியிருந்தால், எவரிடம் எவர் பங்கு கேட்டிருக்க இயலும்? குறும்பரும் காட்டுநாயக்கரும் அறிந்த மூலிகைகளைப் பட்டியலிட்டு ஆய்வுப் பட்டம் பெறுவோர் நம் மலையிலும் உளர். திறப்பதா மூடுவதா என்னும் முடிவு முதலில் அவ்வறிவை உடையோருக்கு உரியது. பதிப்பாளராகும் நூலகம், கட்டுரையாசிரியரின் ஒப்பத்தோடு அம்மக்களின் இசைவையும் எழுத்திற் பெறுதல் கடமை. பணியரைப் பற்றிய பழைய அவதூற்றை மறுக்கும் கட்டுரைக்கு அத்தகைய தடை எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் தயங்குதல் கூடாது.

திறந்துவைத்ததைக் காப்பது தனித் தொல்லை. 2023 அக்டோபர் இறுதியில் பிரித்தானிய நூலகம் கணினித் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் எண்ணிமச் சேகரங்கள் பல மாதக்கணக்கில் கிடைக்காமற் போயின. அத்துணைப் பெரிய நூலகத்திற்கே அந்நிலை எனின், ஒருவரது ஆர்வத்தால் தொடங்கி அவரது மாறுதலோடு மறையும் நம் கல்லூரி இதழ்களைப் பற்றிக் கூற வேண்டா. படிகள் பல இடங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று தாளில் இருத்தலும் நன்று.

நம் கல்லூரி நூலகங்கள் எங்கே தொடங்கலாம்? உலகளாவிய இதழ் ஒன்றை நாளையே நடத்த வேண்டும் என்று நான் கூறவில்லை. நாம் வெளியிடும் தமிழ் இதழ்களின் பழைய மலர்கள் கட்டுக்கட்டாக அடுக்கில் உள்ளன. எழுதியோரிடமோ அவர்தம் குடும்பத்தாரிடமோ இசைவு பெற்று அவற்றை இணையத்தில் ஏற்றலாம். பல கல்லூரிகள் சேர்ந்தால் ஒரே மென்பொருளும் ஒரே பணியாளரும் போதும். அப்பணியாளருக்கு ஊதியம் வேண்டும். அதனை நன்கொடைத் தலைப்பில் வைக்காமல் நூல் வாங்கும் நிதியிலேயே வைத்தல் முறை. ஏனெனில் இதுவும் நூல் சேர்ப்பதே. அடுத்தபடியாக, நம் மாவட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் வரும் ஆய்வுகளுக்குத் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதி வெளியிடலாம். கூடலூர்க் காப்பீட்டைப் பற்றிய 2007-ஆம் ஆண்டுக் கட்டுரை கதவில்லாத வீடுதான். ஆயினும் ஆங்கிலமறியாத காப்பீட்டு உறுப்பினருக்கு அது இன்னும் பூட்டிய வீடே. நூல்கள் பயன்பாட்டிற்கே என்பதனை 1931-இல் தம் முதல் விதியாக வகுத்தவர் சீர்காழியிற் பிறந்த ரங்கநாதன். மொழி புரியாத இடத்தில் பயன்பாடு ஏது?

மாணவி அவ்வாக்கியத்தை அடித்துவிட்டு, தர்ஸ்டன் உண்மையில் எழுதியதையும் அது திரிந்த வரலாற்றையும் ஒன்றரைப் பக்கத்தில் எழுதிச் சேர்த்தார். ஆய்வேட்டில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுவே. தட்டச்சிட்டுக் கட்டடம் செய்த மூன்று படிகளில் ஒன்று அவர் பயின்ற கல்லூரி நூலகத்தின் கண்ணாடி அலமாரியில் உள்ளது. ஆய்வேடுகளை வெளியே கொடுப்பதில்லை என்று அங்கே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சாவி அலுவலகத்தில் இருக்கிறது. ஸ்ரீமதுரையில் அதனை இதுவரை வாசித்தவர் அவர் தம்பி ஒருவரே. அவருக்குக் கிடைத்தது வீட்டிலிருந்த படி.